ஐந்து கோப்புகள், ஓர் உடம்பு

போன மாதம் நாள்பட்ட இருமலைப் பற்றி எழுதும்போது, "அபூர்வமாக சார்காய்டோசிஸும் காரணமாக இருக்கலாம்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் கடந்துபோனேன். அதற்கு அபராதமாக, இந்த மாதத் தபாலில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. குறட்டை, ஆஸ்துமா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 43. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடாத வறட்டு இருமல். நுரையீரலின் வேர்ப்பகுதியில் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லி, பயாப்ஸி எடுத்து, சார்காய்டோசிஸ் என்றார்கள். இன்று அவருக்கு நுரையீரலுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், படபடப்புக்காக இதயத்துக்கு ஒருவர். ஐவரும் நல்லவர்கள். ஆனால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிவதில்லை. கண் டாக்டர் ஸ்டீராய்டைக் கூட்டுகிறார், நுரையீரல் டாக்டர் குறைக்கிறார். ஐந்து கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் நடுவில் தபால்காரனாக அலைகிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மருத்துவமனைகளை நாங்கள் உறுப்பு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறோம். இந்த நோய் அந்தச் சுவர்களை மதிப்பதில்லை. உடலின் காவல் அணுக்கள் எதையோ எதிரி என்று எண்ணிக் கும்பலாகக் கூடி, சிறு முடிச்சாக இறுகிவிடுகின்றன. அந்த முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். பத்தில் ஒன்பது பேருக்கு அது நுரையீரலிலோ மார்புக்குள் இருக்கும் நெறிகளிலோ இருக்கும். அதே முடிச்சு கண்ணில் வந்தால் சிவப்பும் மங்கலும், தோலில் வந்தால் தடிப்பு, முக நரம்பில் வந்தால் ஒரு நாள் காலையில் வாய் கோணல், இதயத்தின் மின்பாதையில் வந்தால் மயக்கம். ஒரே ஆள்தான் ஐந்து வாசலில் மாறி மாறி வந்து நிற்கிறான்.

நானே இதில் சறுக்கியவள் என்பதால் ஒரு கதை சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கு ஆசிரியைக்கு நான் பிரெட்னிசோலோன் எழுதினேன். அதாவது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும் என்பதால், மூட்டு டாக்டர் கால்சியமும் வைட்டமின் டியும் எழுதினார். சோர்வாக இருக்கிறது என்று ஆசிரியை போன வேறொரு மருத்துவர், வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று வாரம் ஒரு முறை சாப்பிடும் வீரியமான மாத்திரையைச் சேர்த்தார். ஒவ்வொருவர் எழுதியதையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நான்காவது மாதம் ஆசிரியை தாகம், வாந்தி, குழப்பம் என்று என்னிடம் வந்து சேர்ந்தார். வகுப்பில் கூட்டல் கணக்கில் தடுமாறியதாகச் சொல்லி அழுதார். இரத்தத்தில் கால்சியம் 13.4. அது 10.5க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகமும் திணற ஆரம்பித்திருந்தது.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. அதற்கு முந்தைய இரண்டு சந்திப்புகளிலும் "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று நான் கேட்டிருக்கிறேன். "இல்லை டாக்டர், உங்கள் மருந்து மட்டும்தான்" என்றிருக்கிறார். அட்டைகள் அவருடைய கைப்பையில்தான் இருந்தன. அவரைப் பொறுத்தவரை அவை மருந்து அல்ல, சத்து மாத்திரை. நான் கேள்வியைத் தவறாகக் கேட்டிருக்கிறேன். அன்று முதல் "என்ன மருந்து?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "பையைக் கவிழ்த்துக் காட்டுங்கள்" என்பதுதான் என் கேள்வி.

அந்த வைட்டமின் டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோயில் படித்தவர்களும் வழுக்கும் இடம் அது. வைட்டமின் டி உடலில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: சேமிப்பு வடிவம், வேலை செய்யும் வடிவம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது வழக்கமாகச் சிறுநீரகத்தின் பொறுப்பு. அது அளந்து மாற்றும். சார்காய்டோசிஸில் அந்த முடிச்சுகளும் சொந்தமாக இந்த வேலையை ஆரம்பித்துவிடும். அவற்றுக்கு அளவு கிடையாது. பரிசோதனைக்கூடத்தில் சாதாரணமாகப் பார்ப்பது சேமிப்பை மட்டும்தான். சேமிப்பு குறைவாகத் தெரிவது, அதெல்லாம் செலவுக்கு எடுக்கப்பட்டுவிட்டதாலும் இருக்கலாம். அந்த நேரத்தில் மேலும் கொட்டினால் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் கல் வரும். எனவே இரண்டு வடிவங்களையும், கூடவே கால்சியத்தையும் பார்த்த பிறகுதான் அந்த மாத்திரை.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்டீராய்டின் அளவை ஒரே கைதான் எழுத வேண்டும். எந்தக் கை என்பது இரண்டாவது பிரச்சினை. பெரும்பாலும் அது நுரையீரல் மருத்துவராக இருப்பார். இதயமோ மூளையோ பாதிக்கப்பட்டிருந்தால், அளவை எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதில் அந்தத் துறையின் சொல்லுக்கு முதல் எடை. ஆனால் எழுதுவது அப்போதும் ஒருவரே. அடுத்த முறை போகும்போது ஐவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இவருடைய நோய் முழுவதற்கும் பொறுப்பான டாக்டர் யார்?" ஒருவராவது "நான்தான்" என்று சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது. எல்லோரும் இன்னொருவரைக் கைகாட்டினால், அவர்களில் எளிதாகத் தொடர்புகொள்ள முடிகிற ஒருவரிடம், "நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் டாக்டர்களான எங்களுக்கு மறுக்கத் தெரியாது. கேட்காவிட்டால் எங்களுக்குத் தோன்றாது.

கண் டாக்டர் கூட்ட, நுரையீரல் டாக்டர் குறைக்க என்று இழுபறி நடக்கிறதே, அது இருவரும் ஐந்து நிமிடம் பேசினால் தீரக்கூடியது. கண்ணின் முன்பகுதியில் மட்டும் அழற்சி என்றால் பெரும்பாலும் சொட்டு மருந்தே போதும். உடம்பு முழுவதற்கும் மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை. பின்பகுதியில் என்றால், இரண்டு உறுப்புகளுக்குமே உதவும் மெத்தோட்ரெக்சேட் போன்ற, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்து, ஸ்டீராய்டை மெல்ல இறக்கலாம். இது இருவருக்கும் தெரியும். ஒருவர் தெரிந்துவைத்திருப்பது மற்றவர் காதுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

சார்காய்டோசிஸுக்கென்றே தனிப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகள் பலவற்றில் மாதத்துக்கு ஒரு நாளாவது எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். ஸ்கேன் படம் சுவரில் தெரியும். ரேடியாலஜி மருத்துவரும் பயாப்ஸி பார்த்த நோய்க்குறியியல் மருத்துவரும்கூட இருப்பார்கள். அந்த மேசையில் அதிகம் கேட்கும் வாக்கியம் என்ன தெரியுமா? "அப்படியா, இது எனக்குச் சொல்லப்படவே இல்லையே!" அத்தகைய பிரிவு உங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள். அன்றாடக் கவனிப்பு இப்போதைய மருத்துவர்களிடமே தொடரட்டும்.

எட்டாவிட்டால் ஐந்து கோப்புகளுக்கும் மேலே ஒரே ஒரு தாளை வையுங்கள். நோய் எப்போது, எந்த இடத்துப் பயாப்ஸியில் உறுதியானது, எந்தெந்த உறுப்பில் இருக்கிறது, எந்த உறுப்பு பார்க்கப்பட்டு, இல்லை என்று தெரிந்தது, இன்றைய மருந்தும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தப்பட்டது, கடைசி ஈ.சி.ஜி., கடைசிக் கண் பரிசோதனை, மூச்சு ஊதும் பரிசோதனையின் எண், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. "பார்க்கப்பட்டு, இல்லை என்று தெரிந்தது" என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இல்லை என்பதற்கும் யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் இடையில்தான் சிலருடைய கண்ணே போயிருக்கிறது.

கேள்வி: எனக்கு நுரையீரலில் மட்டும்தான் நோய். ஈ.சி.ஜி. நார்மல், எக்கோவும் நார்மல். எப்போதாவது படபடப்பு வரும், ஒரு முறை படிக்கட்டில் கண் இருட்டியது. பதற்றம்தான் காரணம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் டாக்டர் இதய எம்.ஆர்.ஐ. வேண்டும் என்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். தள்ளிப்போடாதீர்கள். படிக்கட்டைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. இன்னொரு முறை கண் இருட்டினாலோ மயங்கி விழுந்தாலோ, தேதி வாங்கிக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த நோயாளிகளில் நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு இதயத் தொந்தரவு வெளியே தெரியும். ஆனால் இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வுகளில் நால்வரில் ஒருவருக்கு இதயத்தில் முடிச்சுகள் இருந்திருக்கின்றன. எக்கோ இதயத்தின் பம்ப் வேலையைப் பார்க்கிறது. இந்த நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது மின்கம்பியை. பம்ப் நன்றாக இருக்கும்போதே மின்சாரம் தடுமாறலாம். அதைப் பிடிக்க, ஒரு நாளோ அதற்கு மேலோ மார்பில் ஒட்டிக்கொண்டு போய்த் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி, தழும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ., எரிகிற அழற்சியைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆகியவை வேண்டியிருக்கும்.

இதிலும் வரிசை முக்கியம். ஒருவேளை துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி.யோ வைக்க நேர்ந்தால், எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே எடுக்கப்படட்டும். கருவி வைத்த பிறகு எடுப்பது சிக்கல், படமும் தெளிவாக வராது. அதேபோல் நாள்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட பிறகு எடுக்கும் பெட் ஸ்கேன், நெருப்பை அணைத்துவிட்டு எரிகிறதா என்று பார்ப்பது. பெட் ஸ்கேனுக்கு முந்தைய நாள் மாவுச்சத்து, சர்க்கரை எதுவும் கூடாது. கொழுப்பு மிகுந்த உணவு, பிறகு நெடுநேரப் பட்டினி. காரணம், அந்த ஸ்கேன் சர்க்கரையைத் தின்னும் இடத்தைத்தான் ஒளிரக் காட்டும். வயிறு நிறைய மாவுச்சத்து இருந்தால் ஆரோக்கியமான இதயமும் விளக்குப்போல ஒளிரும். ஒரே ஒரு பிஸ்கட்டால் ஸ்கேன் வீணாகி, மீண்டும் தேதி வாங்கக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் இந்தப் பட்டினியைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதலில் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை. இப்போது சார்காய்டோசிஸ் என்கிறார்கள். முதல் டாக்டர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

பதில்: கோபம் புரிகிறது. ஆனாலும் அவருக்காகக் கொஞ்சம் வாதாடுகிறேன். இரண்டிலும் கிரானுலோமா வரும், இரண்டிலும் நெறி கட்டும், எடை குறையும், காய்ச்சல் வரும். காசநோய் முடிச்சின் நடுவே திசு அழுகித் தயிர்க்கட்டிபோல் இருக்கும், சார்காய்டோசிஸில் பெரும்பாலும் இருக்காது. கிடைத்தது ஊசி நுனி அளவுத் துணுக்கு என்றால் இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். காசநோய் பரவலாக இருக்கும் இடத்தில் ஒரு மருத்துவர் முதலில் அதை நினைப்பதில் தவறில்லை. தலைகீழான தவறு இன்னும் ஆபத்தானது: உண்மையில் காசநோய் இருப்பவருக்கு, சார்காய்டோசிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது.

நீங்கள் செய்ய வேண்டிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. பயாப்ஸி எடுத்த இடத்தில் உங்கள் திசு மெழுகுக் கட்டியாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும். கண்ணாடி ஸ்லைடுகளும் இருக்கும். ரிப்போர்ட்டின் நகலோடு நிற்காமல் அவற்றையும் எழுதிக் கேட்டு வாங்கி, இந்த நோயை அடிக்கடி பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் மறுபடி காட்டச் சொல்லுங்கள். பல பேருக்கு இரண்டாவது பயாப்ஸி அதனால் மிச்சமாகியிருக்கிறது. பின்னாளில் எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி தேவைப்பட்டால், உடலில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று அப்போதும் ஒரு முறை பார்ப்பார்கள். "எத்தனை தடவைதான் பார்ப்பீர்கள்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது 29. கணுக்கால் வீக்கம், காலில் சிவந்த வலிக்கும் கட்டிகள், காய்ச்சல். எக்ஸ்ரே பார்த்து சார்காய்டோசிஸ் என்றார்கள். ஆனால் வலி மாத்திரை மட்டும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பெரிய பெயர் சொல்லிவிட்டு மருந்து தராமல் அனுப்புவதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக லோஃப்கிரென் கூட்டு அறிகுறி. இந்த நோயின் முகங்களிலேயே சாதுவானது. பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே வடிந்துவிடும். பொதுவாகவே இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சில ஆண்டுகளில் அது தானே அடங்குகிறது. மருந்து எழுதாமல் அனுப்பும் துணிச்சல் ஒரு மருத்துவருக்கு எளிதில் வராது. அது இருக்கிற ஒருவரிடம் உங்கள் மகன் மாட்டியிருக்கிறார், சந்தோஷப்படுங்கள். ஆனால் ஒன்று: இந்த மூன்று மாதத்துக்குள் கண்ணை ஒரு முறை ஸ்லிட் லாம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் பார்த்தாகிவிட்டதா, ஈ.சி.ஜி.யும் கால்சியமும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். மருந்தில்லாமல் காத்திருக்கலாம். பார்க்காமல் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் மகிழ்ச்சியாகச் சொல்கிறார். ஆனால் மதியத்துக்கு மேல் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. என் மாமியார் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

பதில்: இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் மாமியாரிடம் கொடுங்கள். அம்மா, உங்கள் மருமகளுக்கு வந்திருப்பது சோம்பல் அல்ல. இந்த நோயில் மிக அதிகமானோர் சொல்லும் குறையே அசதிதான். நுரையீரல் படம் தெளிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அதை அளக்க எங்களிடம் ஒரு கருவியும் இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் வருவதில்லை.

இனி உங்களுக்கு. இதை நோயின் அசதி என்று முடிவு கட்டும் முன் தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றை விலக்க வேண்டும். ஸ்டீராய்டு எடையை ஏற்றி, அந்த எடை தூக்கத்தைக் கெடுத்து, கெட்ட தூக்கம் பகலை அசதியாக்குவது அடிக்கடி நடக்கிறது. பாதத்தில் எரிச்சல், ஊசி குத்தல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மெல்லிய நரம்பு இழைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம், வழக்கமான நரம்புப் பரிசோதனையில் அது தெரியாது. மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையோடு சிறுகச் சிறுகக் கூட்டும் உடற்பயிற்சி பலருக்கு உதவுகிறது. பிசியோதெரபி மருத்துவரையும் மனநல மருத்துவரையும் இந்த நோயின் குழுவில் கடைசி நாற்காலியில் உட்காரவைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அது சரியில்லை.

கேள்வி: மெத்தோட்ரெக்சேட் என்பது புற்றுநோய் மருந்தாமே? எனக்கு எழுதியிருக்கிறார்கள். திருமணமாகி ஓர் ஆண்டு ஆகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: புற்றுநோய்க்குக் கொடுப்பது பல மடங்கு அளவு. உங்களுக்கு எழுதியிருப்பது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் சிறிய அளவு. 2025-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், நுரையீரல் சார்காய்டோசிஸ் உள்ள 138 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு இதுவும் முதல் மருந்தாகவே கொடுக்கப்பட்டன. ஆறு மாதத்தில் மூச்சுத் திறன் ஏறக்குறைய சமமாகவே தேறியது. ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்தது. பக்கவிளைவுகள் இரண்டிலும் இருந்தன, வேறு வேறு வகையில்.

இரண்டு எச்சரிக்கைகள். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஒரே ஒரு நாள்தான். மறதியில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் கிழமையின் பெயரைப் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். அடுத்தது, இந்த மருந்து சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் மாதங்களுக்கு வெகு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. திருமணமாகி ஓர் ஆண்டு என்று எனக்கு எழுதிய வரியை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

கேள்வி: இது தொற்றுமா? புற்றுநோயா? பெயரே பயமுறுத்துகிறதே.

பதில்: தொற்றாது. புற்றுநோய் இல்லை. பெயர் அப்படி வந்ததற்கு ஒரு கதை உண்டு. 1899-இல் நார்வே தோல் மருத்துவர் சீசர் பெக், நுண்ணோக்கியில் பார்த்தது சார்கோமா என்ற சதைப் புற்றுக்கட்டியைப் போல இருந்ததால் 'சார்காய்டு' என்று பெயரிட்டார். சார்க் என்றால் கிரேக்கத்தில் சதை. கெடுதல் இல்லாதது என்ற அடைமொழியையும் அவரே முன்னால் சேர்த்திருந்தார். காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்து, பயமுறுத்தும் பாதி மட்டும் தங்கிவிட்டது.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நோயோடு இருக்கிறேன். நானே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அதன் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, இந்தக் கையெழுத்துக்கே மதிப்பெண் போடலாம். மருந்துகளின் அளவு மாறிய ஒவ்வொரு தேதியும், மாற்றியவர் எந்தத் துறை என்பதும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதைச் சிவப்பு மையில், யாராவது அவசரப் பிரிவில் பார்த்தால் தெரியும்படி மேலே எழுதியிருக்கிறீர்கள். நான் என் நோயாளிகளுக்குக் காட்ட இதை வைத்துக்கொள்ளப் போகிறேன், பெயரை மறைத்துவிட்டு.

குறை இரண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரையை ஐந்தாண்டுகளுக்கு மேல் சாப்பிடுகிறீர்கள், அதை எழுதியவர் தோல் மருத்துவர். அது விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் கண்ணைப் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்தில் கடைசிக் கண் பரிசோதனைக்கு எதிரே இருக்கும் தேதி மூன்று ஆண்டுகள் பழையது. மற்றொன்று, டாக்டர் எழுதாமல் நீங்களாகச் சாப்பிடும் மாத்திரைகளுக்கு இடமே விடவில்லை. கீழே நான்கு விரல் அகலம் காலியாக இருக்கிறது, அங்கே எழுதலாம். இதழ் கைக்கு வந்ததும் முதலில் கண் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அவரிடம் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.